தோற்ற பதினொருவர்

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து வடக்கே பார்த்தால், இருட்டத் தொடங்கியதும் ஏர்க்காட்டு மலைப்பாதையில் ஏறும் வண்டிகளின் விளக்குகள் வளைவுக்கு வளைவு தோன்றி மறைவது தெரியும். சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றின் மாலையில், அந்த விளக்குகளைப் பார்த்தபடி ஆலயப் படிக்கட்டில் அமர்ந்திருந்தேன். எங்கள் இளைஞர் குழுவின் கால்பந்து அணி, சேலத்தில் நடந்த போட்டியில் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டுத் திரும்பவேண்டிய நேரம் அது. அதற்கு முந்தைய நான்கு ஆட்டங்களிலும் அவர்கள் தோற்றிருந்தார்கள்.

வென்று வரும் பிள்ளைகளின் வண்டி ஓசை தெருமுனையிலேயே கேட்டுவிடும். அன்று ஓசை எதுவும் கேட்கவில்லை. வண்டிகளை அணைத்து, தள்ளிக்கொண்டு வந்தார்கள். வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். ஒருவரும் அருகில் வரவில்லை.

“எத்தனை?” என்று கேட்டேன்.

“மூணு-ஜீரோ சாமி” என்றான் அணித் தலைவன். பிறகு எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வை எனக்குப் புதியதன்று. தோற்றுவிட்டு வரும் பிள்ளை தன் தந்தையின் முகத்தையும், மதிப்பெண் பட்டியலோடு நிற்கும் மாணவன் ஆசிரியரின் முகத்தையும் பார்க்கும் பார்வை அது. அடுத்து வரப்போகும் சொல்லுக்காகக் காத்திருக்கும் பார்வை. ஒரு காலத்தில் அந்தப் பார்வைக்கு முன்னால் நின்று நான் ஒரு சொல் சொன்னேன். அச்சொல்லின் சுமையை இறக்கி வைக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதை இங்கே எழுதுவது, என்னைப் போலவே பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பில் உள்ள பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தினால்தான்.

அது 2003-ஆம் ஆண்டு. குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த எனக்கு, வேறொரு பங்கில் பணி. இளைஞர்களை ஒன்று திரட்டக் கால்பந்தை விடச் சிறந்த வழி இல்லை என்று நம்பினேன். குருமடத்தில் நானும் ஓரளவு ஆடியவன். நன்கொடை திரட்டிப் பந்து வாங்கினோம், சீருடை தைத்தோம். பங்குகளுக்கிடையே நடந்த போட்டிகளில் கலந்துகொண்டோம். ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. இறுதி ஆட்டத்தில் எங்கள் கோல் வலைக்குள் பந்து போய்க்கொண்டே இருந்தது. கோட்டுக்கு வெளியே நின்றிருந்த எனக்கு அவமானமாக இருந்தது. பக்கத்துப் பங்குத்தந்தை என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னது அந்த அவமானத்தை இரட்டிப்பாக்கியது.

ஆட்டம் முடிந்ததும் கோல்கீப்பராக நின்ற பையனை எல்லார் முன்னிலையிலும் அழைத்தேன். அவனுக்குப் பதினேழு வயது. “எட்டு கோல்! நீ காவலுக்கு நின்னியா, கதவைத் திறந்து விட நின்னியா?” என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். என் சொல்லுக்குக் கிடைத்த அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு நிறைவும் ஏற்பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவன் சிரிக்கவில்லை; அழவுமில்லை. கையுறைகளைக் கழற்றி, மடித்து, பந்துப் பையில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு அவன் திருப்பலிக்கு வரவில்லை. அவன் தாய் மட்டும் வந்தார்.

“சாமி, அவன் கையில புண்ணுங்க. கொலுசுப் பட்டறையில ராத்திரி வேலை பாக்கறப்ப நெருப்பு பட்டிருச்சு. வேண்டாம்டான்னு சொன்னேன். ‘கீப்பருக்கு வேற ஆள் இல்லம்மா, நான் போகலன்னா டீமே போகாது’ன்னு துணியைச் சுத்திக்கிட்டுப் போனான். கோவிச்சுக்காதீங்க சாமி.”

தவறு செய்தவன் நான். கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் அவர். “நான் வந்து பார்க்கிறேன் அம்மா” என்றேன். போகவில்லை. மூன்று முறை புறப்பட்டேன். மூன்று முறையும் வேறு வேலை குறுக்கிட்டது. வேலை குறுக்கிட்டதா, வேலையை நான் குறுக்கே வைத்தேனா என்பது ஆண்டவருக்குத் தெரியும். அடுத்த ஆண்டு எனக்கு மாற்றல் வந்தது. அவன் வீடு இருந்த தெருவைக் கடந்துதான் என் பெட்டிகளை ஏற்றிய வண்டி சென்றது.

*

குருமடத்தில் எங்களுக்குத் திருச்சபை வரலாறு கற்பித்த பேராசிரியர் கால்பந்துப் பிரியர். பாடம் கனமாகும் நாட்களில் புத்தகத்தை மூடிவிட்டு, 1911-இல் கல்கத்தாவில் நடந்ததைச் சொல்வார். எத்தனை முறை கேட்டாலும் எங்களுக்குச் சலிக்காது.

கால்பந்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயப் படைவீரரும் வணிகரும் ஆசிரியரும். 1877-இல் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற பள்ளிச் சிறுவன் கல்கத்தாவின் ஹேர் பள்ளியில் தோழர்களைச் சேர்த்து ஆடத் தொடங்கியதை, இந்தியர் ஆடிய கால்பந்தின் தொடக்கமாகச் சொல்வார்கள். பிறகு கல்லூரிகள்தோறும் ஆட்டம் பரவியது. 1893-இல் இந்தியக் கால்பந்துக் கழகம் தன் கேடயப் போட்டியைத் தொடங்கியது. அன்றுமுதல் அந்தக் கேடயம் ஆங்கிலேயர் கைகளிலேயே இருந்து வந்தது. வங்காளிகள் உடல் வலுவற்றவர்கள் என்று ஆள்வோர் ஏளனம் பேசிய காலம் அது.

1889-இல் தொடங்கப்பட்ட மோகன் பகான் என்னும் சங்கத்தின் பதினொருவர் 1911 சூலையில் அந்தக் கேடயத்திற்காகக் களமிறங்கினார்கள். அவர்களில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். காலணி அணிந்து ஆடியவர் ஒருவரே. அவர் சுதிர் சாட்டர்ஜி. பவானிபூரில் இலண்டன் மறைபரப்புச் சங்கத்தார் நடத்திய கல்லூரியில் பணியாற்றிய கிறிஸ்தவர். பிற்காலத்தில் சீர்திருத்தத் திருச்சபையின் குருவானவர். “நம்மிலே ஒருவர் அந்தப் பதினொருவரில் இருந்தார்” என்று எங்கள் பேராசிரியர் சொல்லும்போது, சபை வேறுபாடெல்லாம் அவர் நினைவுக்கு வராது.

சூலை 14-இல் ரேஞ்சர்ஸ் அணியை 2-1 என்றும், 19-இல் ரைபிள் பிரிகேட் படையணியை 1-0 என்றும் வென்றார்கள். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படையணியோடு 1-1 என்று சமநிலை. மீண்டும் ஆடி 3-0 என்று வெற்றி. 29-ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே கிழக்கு யார்க்ஷயர் படையணி. ஊர்ப்புறங்களிலிருந்து மக்கள் வர இரயில்வே தனி வண்டி விட்டது. கல்கத்தா மைதானத்தைப் பல்லாயிரவர் சூழ்ந்தார்கள். ஆட்டத்தைக் காண முடியாத தொலைவில் நின்றவர்களுக்குக் காற்றாடிகளைப் பறக்கவிட்டுக் கோல் எண்ணிக்கையை அறிவித்தார்கள். முதல் கோலைப் படையணி போட்டது. அணித் தலைவர் சிவதாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில், ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட்டார். 2-1. ஆளும் இனத்தாரை ஆளப்படுவோர் அவர்களுடைய ஆட்டத்திலேயே வென்றார்கள். அதே ஆண்டு திசம்பரில் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று மன்னர் அறிவித்தார். சூலை 29-ஐ அந்தச் சங்கத்தார் இன்றும் விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.

பேராசிரியர் இவ்வளவோடு முடித்துக்கொள்வார். நாங்களும் கைதட்டிவிட்டு எழுந்து போவோம். பல ஆண்டுகளுக்குப் பின்னர், அந்தப் பையனை நினைத்து உறக்கம் வராத ஓர் இரவில், அந்த வெற்றி வரிசையின் முதல் வரி என் மனத்தில் தட்டுப்பட்டது. சூலை 14-க்கு முன் ஓர் ஆட்டம் இருந்தது. கேடயப் போட்டியில் மோகன் பகானுக்கு அதுவே முதல் ஆட்டம். சூலை 10, எதிரணி தூய சவேரியார் கல்லூரி, முடிவு 3-0.

தூய சவேரியார் கல்லூரி நம் சபையினர் நடத்தும் கல்லூரி. பெல்கிய நாட்டு இயேசு சபையினர் 1860-இல் கல்கத்தாவில் தொடங்கியது. தந்தை லபோன் அறிவியல் கற்பித்த இடம். ஜகதீச சந்திர போஸ் படித்த இடம். இரவீந்திரநாத் தாகூர் சிறுவனாகச் சிறிது காலம் படித்து, பள்ளிக்கூடமே பிடிக்காமல் விலகிய இடமும் அதுதான். அக்கல்லூரியின் பதினொருவர் அன்று ஆடித் தோற்றுவிட்டு விடுதிக்கும் வீட்டுக்கும் திரும்பினார்கள். பத்தொன்பது நாட்களில் அவர்களை வென்றவர்கள் நாட்டின் வீரர்களானார்கள். அவர்களுடைய பெயர்களைக் கால்பந்து அன்பர்கள் இன்றும் வரிசையாகச் சொல்வார்கள். முதல் சுற்றில் தோற்ற பதினொருவரையோ யாரும் நினைப்பதில்லை. வரலாற்றில் அவர்களுக்கு இருக்கும் இடம் ஓர் இலக்கமும் ஒரு பூச்சியமும்தான்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அவர்கள் களத்துக்கு வந்ததால்தானே அந்த ஆட்டம் நடந்தது? எதிரே ஆடப் பதினொருவர் நில்லாமல் எவராலும் வெல்ல முடியாது. அன்றைய விதிகளின்படி ஒருவர் காயப்பட்டால் அவருக்குப் பதிலாக இன்னொருவர் இறங்க முடியாது. இருப்பவர்களைக் கொண்டுதான் ஆடி முடிக்க வேண்டும். மூன்று கோல் வாங்கிய பின்னும் இறுதி ஊதல் கேட்கும்வரை களத்தில் நிற்பதற்கு ஒரு துணிவு வேண்டும். அந்தத் துணிவுக்குக் கேடயம் கிடையாது.

வென்றவர்களுக்குப் பின்னர் நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 1911-இல் வாகை சூடிய மோகன் பகான் அதே கேடயத்தை மீண்டும் கையில் ஏந்தியது 1947-இல். இடையில் முப்பத்தாறு ஆண்டுகள்! 1923-இல் இறுதி ஆட்டம் வரை வந்தார்கள். மழையில் மைதானம் சேறாகிக் கிடந்தது. உலர்ந்த புல்தரையில் பந்தை விரலால் தொடுவதுபோல் தொட்டு ஆட உதவிய வெறுங்கால், சேற்றில் வழுக்கியது. காலணியின் குமிழ்கள் தரையைப் பற்றிக்கொண்டன. கல்கத்தா கால்பந்துச் சங்கத்திடம் 3-0 என்று தோற்றார்கள். தூய சவேரியார் கல்லூரிக்கு அவர்கள் தந்த அதே கணக்கு பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர்களிடமே திரும்பி வந்தது. கல்கத்தா லீக் போட்டியின் முதல் பிரிவில் 1915-இலிருந்து ஆடியும், அவர்கள் பட்டம் வென்றது 1939-இல்தான். அதற்குள் முகமதன் ஸ்போர்ட்டிங் அணி 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றுவிட்டது. கோஷ்டோ பால் என்ற தடுப்பாட்டக்காரர் அந்த வறண்ட ஆண்டுகளில்தான் மோகன் பகானுக்காக ஆடினார். பெருஞ்சுவர் என்று போற்றப்பட்ட அவருக்கு 1962-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதல் கால்பந்து வீரர் அவரே. தான் ஆடிய காலமெல்லாம் கேடயத்தைத் தொடாத ஒருவரை நாடு மறக்கவில்லை என்பது எனக்கு ஆறுதல் தருகிறது.

கடல் கடந்த ஒரு செய்தியும் உண்டு. அமெரிக்காவில் கால்பந்து என்றால் நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். 1916 அக்டோபர் 7-இல் கம்பர்லாந்து கல்லூரி அணி அட்லாண்டா நகரில் ஜார்ஜியா டெக் அணியிடம் 222-0 என்று தோற்றது. கல்லூரிகளுக்கிடையே நடந்த ஆட்டங்களில் இதைப் போன்ற தோல்வி வேறில்லை. உண்மையில் கம்பர்லாந்து அந்த ஆண்டு அணியையே கலைத்துவிட்டிருந்தது. ஆனால் முன்னரே ஒப்பந்தம் செய்திருந்த ஆட்டத்துக்குப் போகாவிட்டால் 3000 டாலர் தண்டம் கட்ட வேண்டும். ஜார்ஜ் ஆலன் என்ற மாணவர், ஆடத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் சேர்த்துக்கொண்டு இரயிலேறினார். அடிமேல் அடி வாங்கினார்கள்; கல்லூரிக்கு வரவிருந்த தண்டம் நீங்கியது. இதைப் படித்தபோது, “நான் போகலன்னா டீமே போகாது” என்று கையில் துணி சுற்றிக்கொண்டு வந்த என் பையன்தான் கண்முன் நின்றான்.

பிள்ளைகளை ஆட்டத்தின் வழியாக ஆளாக்கலாம் என்று நம்பிய மறைப்பணியாளர்கள் பலர். காசுமீரத்தில் டின்டேல்-பிஸ்கோ என்ற ஆங்கிலிக்கன் குரு 1891-இல் தம் பள்ளிக்குக் கால்பந்தைக் கொண்டு சென்றார். தோற்பந்தைத் தொட்டால் தீட்டு என்று அஞ்சிய மாணவர்களை வற்புறுத்தி ஆட வைத்தார். அவருடைய நோக்கத்தைக் குறை கூற மாட்டேன். ஆனால் மன உறுதியை ஊட்டுகிறோம் என்ற நினைப்பில் நாம் எத்தனை பிள்ளைகளின் மனத்தை நொறுக்கியிருக்கிறோம்! அன்று நான் பேசிய பேச்சையும் “பையனுக்கு ரோஷம் வரட்டும்” என்ற பெயரில்தான் எனக்கு நானே நியாயப்படுத்திக்கொண்டேன்.

*

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் ஒரு தோல்வி வருகிறது. ஏழு சீடர்கள் இரவு முழுவதும் வலை வீசுகிறார்கள். அவர்களில் மீன்பிடிப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. அவர்களுக்குத் தெரிந்த கடல், பழகிய படகு. ஒரு மீனும் அகப்படவில்லை. விடியற்காலையில் கரையில் நிற்கும் ஆண்டவர் அவர்களிடம் முதலில் கேட்பது, சாப்பிட ஏதாவது கிடைத்ததா என்பதுதான். இல்லை என்று அவர்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. தம் தோல்வியின் கணக்கை அவர்களே தம் வாயால் சொல்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்ட ஆண்டவர், ஏன் இல்லை என்று கேட்கவில்லை. யாரால் இந்த நிலை என்று கேட்கவில்லை. வலையை எங்கே வீசலாம் என்று காட்டுகிறார். அவர்கள் கரைக்கு வரும்போது கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருக்கிறார். கிடைத்த நூற்று ஐம்பத்து மூன்று மீனைக் கரையில் இழுத்துப் போடும் முன்பே அந்த உணவு ஆயத்தமாகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். வெற்றிக்குப் பரிசாக வந்த விருந்து அன்று அது. இரவெல்லாம் குளிரில் உழைத்தவர்களுக்குப் பசிக்குமே என்ற எண்ணத்தில் சமைத்தது.

கரி நெருப்பைக் குறிக்க யோவான் அங்கே ஆளும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது என்று விவிலிய வகுப்பில் படித்தோம். மற்றோர் இடம், தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்தபடி ஆண்டவரை மறுதலித்த இடம். தான் தோற்ற அதே நெருப்பின் முன் பேதுரு மீண்டும் அமர்த்தப்படுகிறார். முதலில் உணவு, பிறகுதான் கேள்வி. அந்தக் கேள்வியும் அன்பைப் பற்றியது. தேர்வுக்காக இதையெல்லாம் மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். ஆனால் கால்பந்து மைதானத்தில் தோற்றவர்கள் என் முன் வந்து நின்றபோது, நெருப்பு மட்டும்தான் என்னிடம் இருந்தது. மீனும் இல்லை, அப்பமும் இல்லை.

*

சில ஆண்டுகளுக்கு முன், என் குருத்துவத் திருநிலைப்பாட்டின்போது பெற்றோர் அளித்த திருக்கிண்ணத்தின் அடிப்பாகம் தளர்ந்து ஆடத் தொடங்கியது. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளி வேலை செய்பவரிடம் கொடுக்கலாம் என்று ஒருவர் வழி சொன்னார். குறுகிய சந்து. தாழ்ந்த கூரை. உள்ளே நான்கைந்து பேர் குனிந்து கொலுசுக்கு வளையம் கோத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கரி நெருப்பு கனன்றது. அதன் முன் அமர்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“வாங்க சாமி” என்றார். குரலில் வியப்பும் இல்லை, தயக்கமும் இல்லை. கிண்ணத்தை வாங்கத் துணியை விரித்து இரு கைகளையும் நீட்டினார். வலது உள்ளங்கையின் குறுக்கே வெளுத்த தழும்பு ஒன்று ஓடியது.

அவர் பற்றவைத்து முடிக்கும்வரை காத்திருந்தேன். மற்றவர்கள் தேநீருக்கு எழுந்து போனார்கள். நான் வாய் திறந்தேன். “அன்றைக்கு எல்லார் முன்னாலும் உன்னை அப்படிப் பேசியது என் தவறு. உன் அம்மா சொன்ன பிறகும் நான் வராதது அதைவிடப் பெரிய தவறு. என்னை மன்னிக்க வேண்டும்.” இந்த மூன்று வாக்கியங்களைப் பல ஆண்டுகளாக மனத்துக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன். சொல்லும்போது அவை மிகச் சிறியவையாகத் தெரிந்தன.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கிண்ணத்தை நிறுத்திப் பார்த்தார். ஆடவில்லை. பிறகு சொன்னார்:

“ஏழு கோல்தான் சாமி.”

எனக்குப் புரியவில்லை.

“நீங்க எட்டுன்னு சொன்னீங்க. ஏழுதான். ஒண்ணை ரெஃப்ரி ஆஃப்சைடுன்னு அடிச்சுட்டாரு. அதை மட்டும் சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன்.”

எனக்குத் தலை குனிந்தது. தோல்விக்காக ஒருவனைத் தண்டித்த நான், அந்தத் தோல்வியின் கணக்கைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. தோற்றவன்தான் ஒவ்வொரு கோலையும் எண்ணி வைத்திருந்தான். ஏழையும் சுமந்தான், நான் கூட்டி வைத்த எட்டாவதையும் இத்தனை ஆண்டுகள் சுமந்தான்.

“ஏழுதான். நான்தான் தப்பாக எண்ணிவிட்டேன்” என்றேன்.

“அவ்வளவுதாங்க சாமி” என்றார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். கூலி எவ்வளவு என்று கேட்டேன். தொகையைச் சொல்லி, வாங்கிக்கொண்டார். வாங்க மறுத்திருந்தால் நான் மீண்டும் கடன்காரனாகியிருப்பேன். கோவிலுக்கு வருகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையை நான் இன்னும் திரும்பப் பெறவில்லை என்று தோன்றியது. மறுநாள் காலைத் திருப்பலியில் அந்தக் கிண்ணத்தை உயர்த்தியபோது அது என் கையில் அசையாமல் நின்றது.

*

சென்ற தை மாதத்து மாலைக்குத் திரும்புகிறேன்.

“மூணு-ஜீரோ சாமி” என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். “சரியாக மூன்றுதானா?” என்று கேட்டேன். “மூணுதாங்க சாமி. ஒண்ணு பெனால்டி” என்றான் கோல்கீப்பர். “சரி, பசிக்குமே, வாருங்கள்” என்று சாலையோரத் தட்டுவடைக் கடைக்கு அழைத்துச் சென்றேன். சேலத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத் தட்டுவடை செட்டைக் கண்டால் துயரம் நெடுநேரம் நிற்காது. பீட்ரூட்டும் காரட்டும் துருவி, இரண்டு சட்னியும் தடவி, தள்ளுவண்டிக்காரர் கொடுக்கக் கொடுக்க அவர்கள் பேசத் தொடங்கினார்கள். எந்தப் பந்தை விட்டோம், யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்களே சொன்னார்கள். நான் சொல்லியிருக்கக்கூடிய எதையும் அவர்கள் விட்டுவிடவில்லை. என் ஏச்சு அங்கே தேவைப்படவில்லை.

பிறகு அவர்களுக்கு 1911-ஐப் பற்றிச் சொன்னேன். வழக்கமாகச் சொல்வதுபோல் சூலை 29-இலிருந்து தொடங்காமல், சூலை 10-இலிருந்து தொடங்கினேன். “அவங்களும் மூணு-ஜீரோவா சாமி?” என்று ஒருவன் கேட்டான். ஆம் என்றேன். “அப்புறம் என்ன செஞ்சாங்க?” என்றான். “மறுநாள் வகுப்புக்குப் போயிருப்பார்கள்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் யாரும் தனியே நிற்கவில்லை.

எங்கள் ஆலய முகப்பில் ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. திருமண ஓலைகள், திருப்பலிக் கருத்துகள், அன்பியக் கூட்ட நேரங்கள், பரிசு பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் அதில் இடம்பெறும். தோற்றவர்களின் பெயரை அதில் எழுதும் வழக்கம் இருந்ததில்லை. அன்றிரவு சுண்ணக்கட்டியை எடுத்து, ஐந்து ஆட்டங்களின் முடிவுகளையும் வரிசையாக எழுதினேன். கீழே பதினொருவரின் பெயர்களையும் தலைப்பெழுத்தோடு எழுதினேன். “ஐந்து ஆட்டங்களுக்கும் சென்று இறுதிவரை ஆடியவர்கள்” என்று தலைப்பிட்டேன்.

அன்பர்களே, நம் வீடுகளிலும் தோற்றுவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு. தேர்வில் தவறிய மகள் உண்டு. தறி ஓடாமல் கடன்பட்ட கணவர் உண்டு. எடுத்த காரியம் எதுவும் கைகூடாத தம்பி உண்டு. அவர்கள் வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டு வரும்போது நம் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். கணக்கைக் கேட்போம், ஆனால் சரியாகக் கேட்போம். அவர்கள் சொல்வதற்கு மேல் ஒன்றும் கூட்டி எழுதாதிருப்போம். கேட்டு முடிந்ததும் அடுப்பை மூட்டுவோம்.

மறுநாள் காலை திருப்பலி முடிந்து வெளியே வந்தேன். கோல்கீப்பர் பையன் பலகையின் முன் நின்றுகொண்டிருந்தான். வருத்தப்படுகிறானோ என்று எண்ணி அருகில் சென்றேன்.

“சாமி, என் இனிஷியல் தப்பா எழுதியிருக்கீங்க” என்றான்.

சுண்ணக்கட்டியை அவனிடமே கொடுத்தேன்.